பல்லடத்துக் குழலும் நம்மூர் வாத்தியார்களும்

பல்லடம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? விசைத்தறிச் சத்தம். இல்லையென்றால் கறிக்கோழி. தமிழ்நாட்டில் பண்ணைக் கறிக்கோழிக்கு அன்றாடம் என்ன விலை என்று முடிவு செய்கிற ஊர் அதுதான். திருப்பூரிலிருந்து அந்தப் பக்கம் சரக்கு ஏற்றப் போகிறவர்கள், நிட்டிங்குக்கு நூல் அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் பல்லடம் தெரியும். ஆனால் கர்நாடக சங்கீத உலகத்தில் நூறு வருடத்துக்கு முன்னால் "பல்லடம்" என்று ஒற்றை வார்த்தை சொன்னால் போதும், அது ஊரைக் குறிக்காது. ஒரு மனிதரைக் குறிக்கும். புல்லாங்குழல் பல்லடம் சஞ்சீவ ராவ்.

இதை என் பல்லடத்து நண்பர்களிடம் சொன்னபோது பலரும் "அப்படியாங்க, நம்ம பல்லடமா?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

சஞ்சீவ ராவ் பிறந்தது 1882-ல். அப்போது திருப்பூர் பல்லடம் தாலுகாவுக்குள் இருந்தது, எல்லாம் கோயமுத்தூர் ஜில்லா. பனியன் என்ற பேச்சே கிடையாது, திருப்பூரில் பின்னல் மெஷின் வந்தது 1920-களில்தான். பருத்திச் சந்தையும் மாட்டுவண்டியுமாக இருந்த அந்த வட்டாரத்திலிருந்து குழல் கற்றுக்கொள்ள ஒரு பையன் போய்ச் சேர்ந்தது கும்பகோணம் சரப சாஸ்திரிகளிடம்.

சரப சாஸ்திரிகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. 1872-ல் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே பார்வை போய்விட்டது. அந்தக் காலத்தில் குழலைத் தனிக் கச்சேரிக்குரிய வாத்தியமாக யாரும் பெரிதாக நினைத்ததில்லை. கண்ணன் கையில் இருப்பதால் அதன் மேல் பக்தி உண்டு, மேடை நடுவில் அதற்கு இடம் கிடையாது. கீர்த்தனையை, ராகத்தை, சங்கதிகளை ஒரு பாடகர் பாடுகிற மாதிரி குழலில் கொண்டுவர முடியும் என்று காட்டியவர் சரப சாஸ்திரிகள். தென்னிந்தியக் குழலில் விரல் வைக்க எட்டுத் துளை. கமகம் வரவேண்டுமானால் துளையை முழுசாக மூடித் திறந்தால் போதாது. எந்த விரல் எவ்வளவு நகர வேண்டும், காற்றை எங்கே இறுக்க வேண்டும் என்பதைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண் தெரியாத ஒருவர், காதை மட்டும் நம்பி, அதைக் கண்டுபிடித்தார். 1904-ல் இறந்துபோனார். வயது 32.

இப்போது கணக்கைப் பாருங்கள். குருவுக்கும் சிஷ்யருக்கும் வயது வித்தியாசம் பத்தே வருடம். குரு போனபோது சஞ்சீவ ராவுக்கு 22 வயதுதான். அதற்குப் பிறகு 1962 வரைக்கும், 58 வருடம் அவர் இருந்தார். 32 வயதோடு முடிந்துபோயிருக்க வேண்டிய ஒரு வித்தை, நம் பல்லடத்துக்காரர் மூச்சில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. சரப சாஸ்திரிகளின் வாசிப்பை நாம் கேட்க வழியில்லை. சஞ்சீவ ராவ் வாசித்த பழைய ஒலிப்பதிவுகள் சில இன்றும் கிடைக்கின்றன. இரைச்சலுக்கு நடுவே கேட்டுப் பாருங்கள். பாட்டைப் பாடம் மாறாமல் நிறுத்தி வாசிப்பார். ஸ்வரம் ஒவ்வொன்றும் துலக்கி வைத்த மாதிரி இருக்கும். 'மாலி' என்ற மகாலிங்கம் சிறுபிள்ளையாக மேடையேறி, குழல் வாசிக்கும் முறையையே 1930-களில் புரட்டிப் போடுகிற வரைக்கும், குழல் என்றால் பல்லடம்தான். மாலி பெரிய மேதை, அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனாலும் அந்த மேதை வந்து நிற்பதற்கு மேடையில் குழலுக்கென்று ஓர் இடம் ஏற்கெனவே இருந்ததே, அந்த இடத்தை வருடக்கணக்காகக் காப்பாற்றி வைத்தவர்களில் முதல் ஆள் சஞ்சீவ ராவ் என்பது என் கருத்து.

1943-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. அந்தக் காலத்தில் ஒரு குழல் வித்வானுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சங்கீதக்காரர்களைக் கேட்டால் தெரியும். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று, பஞ்சரத்னம் தொடங்குவதற்கு முன்னால் முதலில் குழல்தான் ஒலிக்கும். பைரவியில் 'சேதுலாரா' வாசிப்பார்கள். ஒவ்வொரு தை மாதமும் டிவியில் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல்லடம் ஞாபகம்தான்.

எனக்கு அவருடைய பட்டத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவது, அவருக்குப் பின்னால் நடந்தது. அவருடைய சிஷ்யர்களில் ஒருவர் எச்.ராமச்சந்திர சாஸ்திரி. இவர் சென்னை திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவில் குழல் ஆசிரியராக இருந்தார். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவை நடனப் பள்ளியாகத்தான் நமக்குத் தெரியும். ஆனால் அங்கே சங்கீதம் கற்றுக்கொடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மூச்சு முட்டும். டைகர் வரதாச்சாரியார், காரைக்குடி சாம்பசிவ ஐயர், மைசூர் வாசுதேவாச்சாரியார், பாபநாசம் சிவன், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி. தனித்தனியாக மேடையில் கூட்டம் சேர்க்கக்கூடிய மனிதர்கள், மரத்தடியிலும் ஓலைக்கொட்டகையிலும் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஸரளி வரிசையிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் பல்லடத்துப் பாணியோடு போய் உட்கார்ந்தவர் ராமச்சந்திர சாஸ்திரி.

அவரிடம் வந்து படித்த ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் பெஷ். கலாக்ஷேத்ராவில் குழல் கற்றுக்கொண்டு போய், தென்னிந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய கையேடே எழுதினார். ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. வெளிநாட்டில் கர்நாடக சங்கீதம் படிக்கிறவர்கள் பலர் முதலில் கையில் எடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான். கும்பகோணத்தில் கண் தெரியாத இளைஞர், அவரிடமிருந்து பல்லடம், பல்லடத்திலிருந்து திருவான்மியூர், அங்கிருந்து ஐரோப்பா. நம்மூர் பனியன் போகிற தேசங்களுக்கு நம்மூர்க் குழலும் போயிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, தப்பு வாசித்தால் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொல்லி, மறுபடி நிறுத்தி அனுப்பியிருக்கிறார்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. நம் தொழிலே அப்படித்தான் கைமாறியது. கைமடியாகச் சேர்ந்து டெய்லர் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக்கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் அவர் எழுந்து போனதும் மெஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்து, ஒருநாள் அவரே "உக்காரு, ஓட்டு" என்று சொல்லிப் பவர் டேபிளுக்கு வந்தவர்கள்தான் இன்று கம்பெனி வைத்திருக்கிற பல பேர். அவர்களிடம் தொழில் சொல்லிக்கொடுத்த டெய்லர் யார் என்று கேட்டுப்பாருங்கள், முகம் மாறிவிடும். பேர் சொல்லி, ஊர் சொல்லி, அவர் பீடி குடிக்கிற ஜாடை வரைக்கும் சொல்வார்கள்.

சங்கீத வாத்தியார்களை அப்படி ஞாபகம் வைத்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் வீதிக்கு இரண்டு வீதி தள்ளி ஒரு தவில் வாத்தியார் இருக்கிறார். பரம்பரையாக வாசிக்கிற குடும்பம். முகூர்த்த நாள் வந்தால் விடியற்காலை நாலு மணிக்குத் தவிலை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அப்போது ஒரு ஜாப்ஒர்க் யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பையன்கள். என் அக்கா மகனும் அங்கே போகிறான்.

தவிலைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். வலது கை விரல்களில் கூடு மாட்ட வேண்டும். துணியும் பசையும் சேர்த்துச் சுற்றி, காயவைத்து, கல்லு மாதிரி ஆனதும் மாட்டிக்கொள்வது. இடது கையில் கழி. பிள்ளைகளுக்கு முதலில் இதெல்லாம் கிடையாது, வாயால் சொல்ல வேண்டும். சொல் சரியாக வராமல் கை போகக்கூடாது. அவசரப்பட்டு ஒருவன் கையை ஓட்டினால் வாத்தியார் கோபப்படவே மாட்டார். "கண்ணு, வாய் முன்னால போகட்டும், கை தானா வரும் சாமி" என்பார். அவன் மறுபடி சொல்லுவான். இது ஒரு காலைப்பொழுது முழுக்க நடக்கும். ஒரே சொல்லை அத்தனை தடவை கேட்டும் சலிக்காத அந்தக் காதை நான் எந்தப் பெரிய மேடையிலும் பார்த்ததில்லை.

மாதக் கடைசியில் அக்கா கவரில் வைத்துக் கொடுப்பதை எண்ணாமல் மடியில் வைத்துக்கொள்வார். ஒரு மாதம் ஒரு பையனின் அப்பாவுக்கு ஷிப்ட் சரியாக இல்லை, பையன் வகுப்புக்கு வரவில்லை. வாத்தியாரே அவர்கள் வீட்டுக்குப் போய், "ஏனுங்க, காசு கெடக்குதுங்க, பையனை அனுப்பி வையுங்க. நடுவுல விட்டா கை மறந்துபோயிரும்" என்று சொல்லிக் கூட்டி வந்தார். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இப்படிக் கூட்டி வருகிற மனிதர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். காலேஜ் ரோட்டில், அனுப்பர்பாளையத்தில், அவிநாசியில், வாடகை வீட்டு முன்னறையில் வயலினும் வீணையும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறவர்கள். பெண்கள்தான் அதிகம். எல்கேஜி பிள்ளையின் சுதியைப் பொறுமையாகச் சேர்த்துவிட்டு, அடுத்த பேட்ச் வருவதற்குள் அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வருவார்கள். அவர்களில் பலர் முறையாக இசைக் கல்லூரியில் படித்தவர்கள்.

இசைக் கல்லூரி பற்றிப் பலருக்கும் விவரம் தெரிவதில்லை. 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். பின்னால் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. எம்.எம்.தண்டபாணி தேசிகர் மாதிரி ஆட்கள் அங்கே இசைத்துறைத் தலைவராக இருந்திருக்கிறார்கள். சினிமாவில் நந்தனாராக நடித்த அதே தேசிகர்தான், வகுப்பறையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1949-ல் சென்னையில் அரசு சங்கீதக் கல்லூரி வந்தபோது முதல்வராக உட்கார்ந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். நமக்குப் பக்கத்தில் என்றால் கோவை மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஈரோட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவு, மூன்று வருடப் படிப்பு, கட்டணம் மிகக் குறைவு. நாதஸ்வரம், தவில், தேவாரம் படிக்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடப் படிப்பு நின்றுபோன பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அது பகல் வகுப்பு. பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிற பையனுக்கும் பெண்ணுக்கும் அது எட்டாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைத் திண்ணை வாத்தியாரை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன். உழைக்கிற பிள்ளைக்கு இந்த ஊரில் இருக்கிற இசைக் கல்லூரி அந்தத் திண்ணைதான்.

சபா மேடைச் சங்கீதத்தை மட்டும் பேசி முடித்தால் இந்த மண்ணுக்கு நியாயம் செய்ததாகாது. காங்கேயம் பக்கம் ஓலப்பாளையம் என்று ஒரு கிராமம். 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் அங்கே வந்து தங்கினார். உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர்களை உட்காரவைத்து, பல இரவுகள் பாடியதை டேப்பில் பதிவு செய்தார். பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்லப்படுகிற அந்தக் கதை ஆங்கிலத்தில் போவதற்கும், அசைபடத் தொடராகவே வருவதற்கும் அந்த இரவுகள்தான் காரணம். அந்தக் கதையைப் பாடியவர்கள் யாரும் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. முன்பாட்டுக்காரர் ஒருவர், அவர் சொல்வதை வாங்கிப் பின்பாட்டுப் பாடுகிறவர் ஒருவர். பின்பாட்டில் வருடக்கணக்காக நின்றவர்தான் பிறகு உடுக்கையைக் கையில் வாங்குவார். ராத்திரி முழுக்க, புத்தகம் பார்க்காமல், ஒரு பெரிய காவியத்தை நெஞ்சில் வைத்திருந்து பாடும் வித்தை அப்படித்தான் வந்தது.

உடுமலைப் பக்கம் போனால் பூளவாடி. 1899-ல் அங்கே பிறந்த நாராயண கவி, முத்துசாமிக் கவிராயரிடம் பாடம் கேட்டு நாடகத்துக்குப் போய், சினிமாவுக்குப் போய், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்குப் பாட்டு எழுதினார். கவியை ஊரே அறியும். அவருக்கு யாப்பும் மெட்டும் சொல்லிக்கொடுத்த கவிராயரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

வள்ளி கும்மி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது எந்தக் கோயில் திடலைப் பார்த்தாலும் ஒரே நிறச் சேலையில் நூறு பெண்கள் சுற்றி நின்று அடிக்கிறார்கள். ஒரு காலத்தில் இது ஆண்கள் ஆட்டம். கோயமுத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர் பத்ரப்பன் என்ற பெரியவர், அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2024-ல், 87 வயதில், பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த ஒருவரைத் தேடிப்பிடித்து நாடு மரியாதை செய்தபோது, கொங்கு நாட்டில் கும்மி வாத்தியார் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்த மாதிரி இருந்தது. எங்கள் பகுதியில் செக்கிங்கும் பேக்கிங்கும் முடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத் திடலுக்கு வரும் பெண்களை நான் பார்க்கிறேன். நாளெல்லாம் நின்ற கால். ஆசிரியர் பாட்டெடுத்ததும் அந்தக் கால் எப்படித்தான் எழும்புகிறதோ, ஒரு மணிநேரம் தரையில் நிற்காது.

இவர்களுக்கெல்லாம் என்ன செய்யலாம் என்று நான் யோசித்ததைச் சொல்கிறேன். பெரிய விஷயம் ஒன்றும் கிடையாது.

நோட்டீஸ் அடிக்கும்போது வாத்தியார் பெயரைப் போடுங்கள். கல்யாணப் பத்திரிகையில் மங்கல இசை என்று மட்டும் போட்டு விடுகிறோம். யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டு, நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார் என்று அச்சடித்தால் கூட ஒரு வரிதான் ஆகும். கெட்டிமேளம் முடிந்ததும் அவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்களா என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். கும்மி அரங்கேற்றத்தில் வரவேற்புப் பேனரில் பிரமுகர் படம் பெரிதாகவும் ஆசிரியர் பெயர் மூலையிலும் வருகிறது, அதை மாற்றிப் போடலாம். கம்பெனி ஆயுதபூஜைக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கிறவர்கள், ஒரு மணிநேரத்தை ஒதுக்கி, உள்ளூரில் கற்றுக்கொடுக்கிறவர் ஒருவரையும் அவர் பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லி, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சம்பாவனையை அவர்களுக்கும் கொடுக்கலாம்.

இன்னொன்று. 2032-ல் சஞ்சீவ ராவ் பிறந்து 150 வருடம் ஆகிறது. பல்லடத்தில் அன்றைக்கு ஒரு குழல் விழா நடக்க வேண்டும் என்பது என் ஆசை. மேடையில் இன்றைய பெரிய வித்வான்கள் வாசிக்கட்டும். அவர்களுக்கு முன்னால், காலையிலேயே, இந்த மாவட்டத்தில் குழல் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் தங்கள் வாத்தியாரோடு வந்து உட்கார்ந்து வாசிக்கட்டும். முதலில் பைரவி. பந்தல், சாப்பாடு, வித்வான்கள் செலவை நம் தொழில் சங்கங்களில் பேசினால் ஏற்றுக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், நம்மூர் நல்ல காரியத்துக்குப் பின்வாங்கிப் பார்த்ததில்லை. பல்லடத்துக்காரர்கள் யாராவது முன்கையெடுத்தால் என் பங்குக்கு இரண்டு வேலை நான் செய்கிறேன். அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்ப்பது ஒன்று. இந்த வட்டாரத்தில் எந்த வீதியில் எந்த வாத்தியார் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று வீடு வீடாகப் போய் எழுதி எடுப்பது இன்னொன்று. முதல் பெயராகத் தவில் வாத்தியாரை எழுதிவிட்டேன். அவரிடம் சொன்னதற்கு, "எனக்குச் சொல்லிக்கொடுத்த எங்க மாமன் பேரை மேல போட்டுட்டு, அதுக்குக் கீழ நம்ம பேரைப் போடுங்க" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.